கேப்டவுனில் உன் கடலைப் பார்த்தேன்

சாமி,

இந்நேரத்துக்கு எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. இங்கே மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. உனக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் என்பதால் இப்போதுதான் ஈரத் தலையோடு அடுப்பைப் பற்றவைத்திருப்பாய். நல்ல நேரத்தில் எழுதவேண்டும் என்று மூன்று நாளாக உட்கார்ந்து பார்த்தேன். பகலில் உட்கார்ந்தால் போர்வெல் போடுகிற ரிக் வண்டிக்கு டீசல், வேலைப் பையன்களுக்குச் சாப்பாட்டுக் காசு என்று உங்கப்பாவின் போன் என் கைக்கு வந்துவிடுகிறது. அதுவும் ஒரு சாக்குதான். எழுதப் பயந்துகொண்டு இருந்தேன் என்பதுதான் நிஜம். டைப் செய்தால் அழித்து அழித்து மாற்றிவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் உன் பழைய நோட்டில் மிச்சமிருந்த தாளைக் கிழித்துப் பேனாவில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். அடித்தல் திருத்தல் இருக்கும், பொறுத்துக்கொள்.

கேப்டவுன் விமான நிலையத்தில் என்னை வழியனுப்பும்போது நீ சொன்னது வழியெல்லாம் காதில் கிடந்தது. "இன்னும் ரெண்டு வருசத்துக்கு இங்கயே வேலைல இருக்கச் சொல்றாங்கம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடோணும். நீ ஊருக்குப் போனதும் நம்ம கோயில்ல பூக் கேட்டுச் சொல்லு. வெள்ளை வந்தா இருக்கறேன். செகப்பு வந்தா பொட்டியக் கட்டீட்டு வந்தர்றேன்" என்றாய். எந்த நல்ல காரியத்துக்கும் குலதெய்வத்தின் முன்னால் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிவைத்து, ஒன்றை எடுத்து உத்தரவு கேட்கிற வீட்டில் பிறந்தவள் நீ. கடலுக்கு அந்தப் பக்கம் போயும் அந்த நம்பிக்கையை விடவில்லை. நானும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். இந்தக் கடிதம் அந்தப் பூவைப் பற்றியதுதான். ஆனால் உன்னிடம் இருந்த அந்தப் பத்து நாளில் நான் பார்த்ததைச் சொல்லாமல் அதற்கு வர எனக்கு வாய் வராது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் விலங்கியல் படித்தவள் என்பதை நம் வீட்டில் யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. நானே மறந்துபோயிருந்தேன். திருச்செங்கோட்டில் மூன்று வருஷம் பஸ்ஸில் போய்ப் படித்தேன். நட்சத்திர மீனும் கடல் குதிரையும் பார்மலின் ஜாடிக்குள் வெளுத்துப்போய் மிதக்கும், அதைப் பார்த்துப் படம் போடுவோம். கடைசி வருஷம் மண்டபம் கடற்கரைக்கு டூர் கூட்டிப்போனார்கள். எங்கப்பா விடவில்லை. "கடலப் பாத்து என்ன பண்ணப்போற? படத்தப் போட்டா மார்க்குப் போடுவாங்கல்ல" என்றார். நானும் படத்தைப் போட்டேன். அடுத்த தையில் கல்யாணம். அதற்கடுத்த வருஷம் நீ. உன்னைப் பெற்றபோது எனக்கு இப்போது உனக்கு ஆகிற வயசுகூட ஆகவில்லை. ஒரு சின்னப் பொண்ணு இன்னொரு சின்னப் பொண்ணை வளர்த்தது என்று வைத்துக்கொள். நான் செய்த பல காரியங்களுக்கு அது சமாதானம் ஆகாது, ஆனால் நிஜம்.

உன்னைப் பார்க்கக் கிளம்பும்போது எனக்குள் இருந்த பயத்தைச் சொன்னால் சிரிப்பாய். சுறா, திருடன், காற்று, பபூன் குரங்கு என்று மனசுக்குள் ஒரு பட்டியலே வைத்திருந்தேன். உங்கப்பா மட்டும் அசரவில்லை. "நான் ரெண்டு வருசம் ஆப்பிரிக்காவுல போர்வெல் போட்டவன். என்னைய எது தின்னுது? போயிட்டு வா" என்றார். அவர் போர் போட்டது எங்கோ உள்நாட்டுப் பொட்டலில், நீ இருப்பது கடலோரம் என்று சொன்னதற்கு, "தண்ணிக்கு நாங்க ஆயிரம் அடி தோண்டுனோம், அவளுக்கு மேலயே கெடைக்குது" என்றார். அந்த மனுசனோடு என்ன பேசுவது.

முதல் நாளே மேஜை மலைக்குக் கூட்டிப்போனாய். கம்பியில் தொங்குகிற அந்தப் பெட்டிக்குள் நின்றதும், பெட்டியின் தரையே மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. ஒருபக்கம் பாறை, ஒருபக்கம் ஊர், அப்புறம் கடல், மறுபடி பாறை. நான் உன் மணிக்கட்டை விடவே இல்லை. இறங்கியதும் என் நகத்தடம் நாலும் உன் கையில் இருந்ததைப் பார்த்தேன், நீ சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டாய். சங்ககிரி மலை ஏறியிருக்கிறேன், ஏற்காட்டுக்குப் போயிருக்கிறேன். மலை என்றால் கூம்பிக்கொண்டே போய் உச்சியில் ஒரு கோயில் இருக்கும், அவ்வளவுதான் என் கணக்கு. உச்சியே இல்லாத மலையை அன்றுதான் பார்த்தேன். யாரோ மேல்பாதியை வாங்கி எடுத்துவிட்டு, மிச்சத்தை உழுது பரம்படித்துவிட்ட மாதிரி சமமாகக் கிடந்தது. அதன் ஓரத்தில் நின்று கீழே பார்த்தேன், பின்னால் வரத் தோன்றவில்லை. அப்புறம் வெயிலிலேயே ஒரு மேகம் வந்து, விருந்துக்கு விரித்த துணி மாதிரி மலைமேல் படர்ந்து, விளிம்பில் வழிந்து, பாதி தூரம் இறங்கிக் காணாமல் போனது. கீழே விழுந்துகொண்டே இருக்கிறது, தரைக்கு வரவே இல்லை. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை.

அங்கே பாறை இடுக்கில் பெருச்சாளி மாதிரி ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நான் முகம் சுளித்தேன். "அம்மா, நீதான் சொல்லோணும். இது யாருக்குச் சொந்தம்?" என்று பரீட்சை வைத்தாய். அந்தச் சின்ன நகங்களையும் பல்லையும் பார்த்ததும், இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் படித்தது அடியிலிருந்து மேலே வந்தது. "இது பெருச்சாளி இல்ல, யானைக்குப் பங்காளி" என்றேன். நீ கை தட்டினாய். பக்கத்தில் நின்றவர்களிடம் எல்லாம் "எங்கம்மா விலங்கியல் படிச்சவங்க" என்று இங்கிலீஷில் சொன்னாய். என்னை அப்படி யாரும் யாரிடமும் சொன்னதில்லை, கண்ணு.

அடுத்த நாள் சாயங்காலம் சிக்னல் மலைச் சரிவில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றோம். முன்னால் புல்தரையில் ஆட்கள் பாராசூட் மாதிரி வண்ணத் துணியை விரித்து, ஓடி, மலையை விட்டுக் காலை எடுத்தார்கள். விழுகிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் நான் கண்ணை மூடினேன். திறந்தால் பருந்து மாதிரி கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருப்பார்கள். எழுபது வயசுக்குக் குறையாத ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, கைப்பையை மகள் கையில் கொடுத்துவிட்டு, ஒரு ஆளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ரெண்டு எட்டுதான் வைத்தார். அதற்குள் காற்று தூக்கிவிட்டது. அந்த மகளைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அம்மா கீழே கடற்கரையில் இறங்குகிறவரைக்கும் நின்றாள். தடுக்கவில்லை. பயப்படாமலும் இல்லை. ரெண்டும் சேர்ந்து ஒரு ஆளுக்குள் இருக்கலாம் என்பது எனக்குப் புதுசாக இருந்தது.

பென்குயினைப் பார்க்கப் போனதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பலகைப் பாதையில் நடந்துபோனால், கைக்கெட்டும் தூரத்தில் மணலில் படுத்திருந்தன. ஒன்று கழுத்தைத் தூக்கிக் கழுதை மாதிரி கத்தியது. பனிக்கட்டிமேல் நிற்கும் என்று படம் போட்டு மார்க் வாங்கியவள் நான். அங்கே புதருக்கடியில் வளை பறித்து, வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன. உங்கப்பாவை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினாய். உற்றுப் பார்த்துவிட்டு, "இது நாளைக்கு எத்தன முட்டை போடும்?" என்றார். "நாளைக்காப்பா? ஒரு ஈட்டுக்கு ரெண்டுதான் போடும்" என்றாய். "அப்பறம் எப்படிக் கட்டுபடி ஆகும்" என்று போனை வைத்துவிட்டார். நாமக்கல்லில் முட்டை விலை கேட்டு வளர்ந்தவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது. நீ சிரித்துச் சிரித்துப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாய். இங்கே வீட்டில் நீ அப்படிச் சிரித்து எனக்கு ஞாபகம் இல்லை. அன்று ராத்திரி அதுதான் எனக்கு உறுத்தியது.

ஆனால் நான் சொல்ல வந்தது நீ வேலை செய்கிற அந்தக் காலையை. எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ரப்பர் படகு கிளம்பியது. ஒன்பதாவதாக நான், படகிலேயே இருப்பேன் என்ற நிபந்தனையோடு. உன் வேலை, சுற்றுலா வந்தவர்களைக் கடலுக்குள் இறக்கிக் கடற்பாசிக் காட்டைக் காட்டி ஏற்றிவிடுவது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொள்வது வேறு, பார்ப்பது வேறு. ஆறடி உயரத்தில் ஒரு மனுசர், படகில் வரும்போது எல்லாரையும் சிரிக்கவைத்துக்கொண்டு வந்தவர், தண்ணீரில் இறங்கிய அரை நிமிஷத்தில் மூச்சு வாங்கிப் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். குளிரில் முகம் வெளுத்துவிட்டது. மேலிருந்த அவர் மனைவி, "ஒண்ணுமில்லை, பயப்படாதீங்க, குளிரே இல்லை" என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே இருந்தார். நீ நீந்தி வந்து அவர் பக்கத்தில் மிதந்தாய். "குளிருது. எனக்கும்தான் குளிருது" என்றாய். "இன்னும் ரெண்டு நிமிஷம் இப்படித்தான் இருக்கும், அப்பறம் குறையும். ஏறணும்னா இப்பவே ஏத்திவிடறேன், ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். இருக்கறதா இருந்தா நான் கைய விடமாட்டேன். நீங்க சொல்லுங்க." அவ்வளவுதான். அதட்டவில்லை, கெஞ்சவில்லை, இல்லாததைச் சொல்லவில்லை. அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் கயிற்றை விட்டார்.

நான் படகில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். பயந்துபோன ஒரு ஆளிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, முடிவை அவர் கையிலேயே கொடுக்கிற இந்தப் பெண் எங்கே இதைக் கற்றாள் என்று நினைத்தேன். என்னிடம் கற்கவில்லை. அது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. என்னை நீ இறங்கச் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அதனால்தான் எழுந்தேன். அந்தக் கறுப்பு ரப்பர் உடுப்பை நீயும் படகுக்காரரும் சேர்ந்து என்மேல் இழுத்து ஏற்றியது இருக்கிறதே, மூட்டைக்குள் நெல்லைத் திணித்த கதைதான். "மூச்ச உள்ள இழும்மா." "எங்கடி இழுக்கறது, எடமிருந்தாத்தான" என்றேன். கண்ணாடி முகமூடியை மாட்டி, ரெண்டு கையாலும் மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். குளிர் எலும்பில் ஏறியது. "முகத்த மட்டும் உள்ள வைம்மா. பத்து எண்ணறதுக்குள்ள எடுத்துக்கலாம்" என்றாய்.

முகத்தை வைத்தேன். எண்ண மறந்துவிட்டேன்.

மோகனூர்ப் பக்கம் காவிரிக்கரையில் பாக்குத் தோப்புக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் வெயில் சல்லடையில் சலித்த மாதிரி இறங்கும் பார், அந்தத் தோப்பு தண்ணீருக்குள் நின்றது. மரம் மரமாக, அடியே தெரியாத ஆழத்திலிருந்து எழும்பி, நான் மிதக்கிற உயரத்துக்கு வந்து இலை விரித்திருந்தது. முழுத் தோப்பும் ஒரே சீராக ஒருபக்கம் சாய்ந்தது, நிதானித்தது, மறுபக்கம் சாய்ந்தது. அதன் நடுவில் மீன்கள் காற்றில் நிற்கிற மாதிரி நின்றன. கீழே பாறையில் நட்சத்திர மீன்கள், ஆரஞ்சும் ஊதாவும் சிவப்புமாக. சாமி, அதற்கு நிறம் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று வருஷம் வெள்ளையாகத்தான் வரைந்தேன். ஒரு கடல்நாய் எங்கிருந்தோ வந்து, தலைகீழாக நின்று, பெரிய கறுப்புக் கண்ணால் என் முகத்தைப் பார்த்தது. நானும் பார்த்தேன். எனக்குப் பயமே வரவில்லை. முகமூடிக்குள் கண்ணீர் தேங்கி, அதுவும் மங்கிப்போனது. பக்கத்தில் உன் கை என் கைமேல் இருந்தது. இந்த இடத்துக்குத்தான் இவள் பதினேழு வயசில் போகக் கேட்டாள், நான் விடவில்லை என்று அங்கேதான் புரிந்தது.

இப்போது சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாவது முடித்ததும் தூத்துக்குடியில் மீன்வளப் படிப்புக்கு உனக்கு இடம் கிடைத்தது ஞாபகம் இருக்கும். உங்கப்பா, "பூக் கேட்டரலாம், அம்மன் சொன்னாப் போகட்டும்" என்றார். மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். பூசாரி ரெண்டு பொட்டலத்தையும் குலுக்கி அம்மன் காலடியில் வைத்து, "நெனச்சுட்டு ஒண்ண எடுங்க" என்றார். அந்நேரம் வேறொரு வீட்டார் பொங்கல் வைக்க அழைத்ததால் அவர் அந்தப் பக்கம் போனார். உங்கப்பா வெளியே வேப்பமரத்தடியில், போர்க்குழியில் சிக்கிக்கொண்ட, பாறை துளைக்கிற பிட்டைப் பற்றிப் போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நீ அவர் பக்கத்தில் செருப்புகளுக்குக் காவல் நின்றாய். நான் பொட்டலத்தைப் பிரித்தேன். வெள்ளை அரளி. அதை மறுபடி மடித்தேன். இன்னொரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, சிவப்புப் பூவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

தண்ணீருக்குப் பயந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழுசும் நிஜமில்லை. உங்கப்பா உன் மூன்றாம் வகுப்பில் ஆப்பிரிக்காவுக்குப் போனபோது ரெண்டு வருஷம் போனை நெஞ்சில் வைத்துத் தூங்கியவள் நான். திரும்பி வந்தும் ஆந்திரா, கர்நாடகா என்று வண்டியோடு போய்விடுவார். நீயும் போய்விட்டால் அந்த ஊட்டுக்குள்ளே நான் ஒருத்தி. அவ்வளவுதான் காரணம். நீ அழுதிருந்தால், சண்டை போட்டிருந்தால், ஒருவேளை அன்றே சொல்லியிருப்பேன். நீ அந்தப் பூவைப் பார்த்தாய். "சாமியே வேண்டாம்னு சொல்லிருச்சு, உடும்மா" என்று எனக்கு நீதான் சமாதானம் சொன்னாய். நாமக்கல்லில் நான் படித்த அதே படிப்பில் சேர்ந்தாய், மூன்று வருஷம் அதே பார்மலின் ஜாடியைப் பார்த்துப் படம் போட்டாய். அதற்கப்புறம் மேல்படிப்புக்கு நீயாகத் தூத்துக்குடி போனபோது, பூக் கேட்கலாமா என்று உங்கப்பா கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். ஏன் என்று இப்போது உனக்குப் புரியும்.

திங்கட்கிழமை கோயிலுக்குப் போனேன். பூசாரி, "புள்ள அமெரிக்காவுலதானுங்க? பூக் கட்டட்டுங்களா?" என்றார். "ஆப்பிரிக்காங்க. பூ வேண்டாமுங்க, கும்புட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன். கும்பிடும்போதும் தலை நிமிரவில்லை. இன்று சாயங்காலம் உங்கப்பாவிடம் சொன்னேன். தோசையைப் பிய்த்த கை அப்படியே நின்றது. "இத எங்கிட்டச் சொல்லி என்ன பண்றது? அவகிட்டச் சொல்லு" என்றார். பாதியில் எழுந்து கை கழுவிவிட்டு வண்டி நிற்கிற பக்கம் போனவர், வந்து படுத்துவிட்டார். அவர் கோபம் நியாயம்.

அதனால் நான் உனக்காகப் பூக் கேட்கப்போவதில்லை. உன் பொட்டலத்தைப் பிரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நீ கேட்கவேண்டும் என்றால் லீவுக்கு வரும்போது நீயே போய், நீயே எடுத்து, நீயே பிரித்துப் பார். நான் வெளியே நிற்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை அதற்குக் காத்திருக்காது. என் வார்த்தை வேண்டும் என்றால், இது என் வார்த்தை: கையெழுத்துப் போடு. அம்மன் சொன்னாள் என்று சொல்லமாட்டேன். நான் சொல்கிறேன். சொல்லும்போதே பயமாகத்தான் இருக்கிறது. அதையும் மறைக்கவில்லை.

மேகம் இறங்குகிற நாளில் தனியாக மலை ஏறாதே. ஈரத் தலையோடு படுக்காதே. உங்கப்பாவுக்கு வாரம் ஒரு தடவையாவது நீயாகக் கூப்பிடு, அவர் கேட்கமாட்டார், ஆனால் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, அது எங்காவது போகிறேன் என்று நின்றால், பயமாக இருக்கிறது என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல். பயத்துக்குச் சாமி பேரை வைக்காதே.

இதைப் படித்ததும் என்மேல் கோபம் வரும். மூன்று வருஷத்தை நான் எடுத்துக்கொண்டேன், திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. மன்னித்துவிட்டேன் என்று உடனே எழுதவேண்டும் என்று கேட்கவில்லை. திட்டி எழுதினாலும் வாங்கிக்கொள்கிறேன். போனில் வேண்டாம், போனில் நீ என்னைச் சமாதானம் செய்ய ஆரம்பித்துவிடுவாய். உனக்கு என்ன தோன்றுகிறதோ அதை எழுத்தில் எழுது. பதில் சீக்கிரம் அனுப்பு, சாமி.

அம்மா